பீட்டர் ஜென்சன்

பீட்டர் லாரிட்ஸ் ஜென்சன் (மே 16, 1886 – 1961) டென்மார்க்கில் பிறந்த அமெரிக்கப் பொறியாளர், கண்டுபிடிப்பாளர் ஆவார். எட்வின் பிரிதாம் என்பவருடன் இணைந்து, இயங்குசுருள் ஒலிபெருக்கியை முதன்முதலில் நடைமுறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர். திறந்தவெளிக் கூட்டங்களில் பேச்சையும் இசையையும் பெரும் மக்கள் திரளுக்குக் கேட்கச்செய்யும் தொழில் இவருடைய முயற்சிகளிலிருந்தே உருப்பெற்றது. அத்தொழிலைக் கற்பிக்கும் பள்ளி எதுவும் அக்காலத்தில் இருக்கவில்லை. ஜென்சன் அதனைப் பட்டறையில் வேலை செய்தே கற்றார்.

== இளமையும் தொழிற்பயிற்சியும் ==

ஜென்சன் டென்மார்க்கின் பால்ஸ்டர் தீவில் பிறந்தார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறியிருந்தும், தந்தையின் இறப்பால் மேற்படிப்பைத் தொடர இயலவில்லை. 1903 இல் கோபனாவனில் வால்டெமர் பவுல்சனின் ஆய்வுக்கூடத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பவுல்சன், கம்பியில் காந்தமுறையில் ஒலியைப் பதியும் கருவியை 1898 இல் உருவாக்கியவர். பின்னர் மின்வில்லைக் கொண்டு கம்பியில்லாத் தொலைபேசி முறையையும் உருவாக்கினார். கருவிகளைச் செய்வது, பழுதுபார்ப்பது, சோதனைகளில் உதவுவது ஆகியவற்றின் வழியே ஜென்சன் ஒலியையும் மின்சாரத்தையும் பற்றிய அறிவைப் பெற்றார்.

== கலிபோர்னியாவில் ==

பவுல்சனின் முறையை ஐக்கிய அமெரிக்காவில் நிறுவும் பணிக்காக 1909 இல் ஜென்சன் கலிபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற மின்பொறியாளரான பிரிதாமைச் சந்தித்தார். ஒருவரிடம் பட்டறை அனுபவமும் மற்றவரிடம் கல்லூரிப் படிப்பும் இருந்தன. இருவரும் ரிச்சர்ட் ஓ'கானர் என்பவருடன் சேர்ந்து 1911 இல் நாப்பா நகரில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினர்.

அங்கே அவர்கள் புதிய தொலைபேசிக் கேட்பியொன்றை அமைத்தனர். வலிய காந்தத்தின் முனைகளுக்கிடையே கம்பிச் சுருளொன்று வைக்கப்பட்டது. சுருளில் பாயும் மின்னோட்டம் மாறும்போது அது அசைந்து, தன்னுடன் இணைக்கப்பட்ட சவ்வை அதிரச்செய்தது. எனினும் இத்தத்துவத்தைச் செருமனியில் சீமென்சும், இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜும் முன்னரே விவரித்திருந்ததால் அடிப்படைக் காப்புரிமை கிட்டவில்லை. தொலைபேசித் துறையினரும் கருவியை வாங்க முன்வரவில்லை.

== ஒலிபெருக்கியாக மாற்றம் ==

பல ஆண்டு உழைப்பு வீணாகும் நிலையில், பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்புச் செய்ய இக்கருவி உதவுமே என்று ஓ'கானரின் உறவினர் ஒருவர் கூறினார். ஜென்சனும் பிரிதாமும் கேட்பியுடன் கிராமபோன் குழலொன்றைப் பொருத்தினர். கரி ஒலிவாங்கியை அதனுடன் இணைத்தபோது பெருத்த ஊளையொலி எழுந்தது. ஒலிபெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து, சுற்றிச்சுற்றி வலுப்பெறுவதே இதற்குக் காரணம். இன்று இது ஒலிப் பின்னூட்டம் எனப்படுகிறது. குழலை வீட்டுக் கூரைக்குக் கொண்டுசென்று, ஒலிவாங்கியை வீட்டுக்குள்ளேயே வைத்தபோது ஊளை நின்றது. பிரிதாம் பேசியது வெகுதொலைவில் நின்ற ஜென்சனுக்குத் தெளிவாகக் கேட்டது.

== பொது நிகழ்ச்சிகள் ==

1915 டிசம்பர் 24 அன்று, சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் நடந்த கிறித்துமசு விழாவில் இக்கருவி பயன்படுத்தப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடியதாக மதிப்பிடப்படுகிறது. 1917 இல் இவர்களது நிறுவனம் மேக்னவாக்சு என்னும் பெயரைப் பெற்றது. இலத்தீன் மொழியில் இதற்குப் பெருங்குரல் என்பது பொருள்.

1919 செப்டம்பர் 19 அன்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், நாடுகளின் சங்கத்துக்கு ஆதரவு தேடிய பயணத்தில் சான் டியேகோ விளையாட்டரங்கில் உரையாற்றினார். சுமார் 50,000 பேர் கூடியிருந்தனர். வில்சனுக்கெனக் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட மேடை அமைக்கப்பட்டது. அவருக்கு எதிரே தொங்கிய குழல்கள் குரலை வாங்கி ஒலிவாங்கிகளுக்குச் செலுத்தின. வெற்றிடக்குழாய் மிகைப்பி அதனை வலுப்படுத்தியது. குரல் எடுபடாவிடின் மீண்டும் முயல வாய்ப்பில்லாத நிகழ்ச்சி அது. கருவி இறுதிவரை இயங்கியது.

== பிற்காலம் ==

ஜென்சன் 1925 இல் மேக்னவாக்சிலிருந்து விலகினார். பின்னர் தம் பெயரிலேயே ஒலிபெருக்கி நிறுவனமொன்றை நிறுவினார். ஆரம்பகாலப் பெண்டர் மின்கிதார் மிகைப்பிகள் பலவற்றில் ஜென்சன் ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டன. டென்மார்க் மன்னர் ஒன்பதாம் பிரெடெரிக் இவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் அளித்தார். 1961 இல் ஜென்சன் காலமானார். இவரது தன்வரலாறு 1975 இல் வெளியானது.

== முக்கியத்துவம் ==

மேடை ஒலிப் பொறியியலுக்கு இன்று கல்லூரிப் பாடநெறிகள் உள்ளன. ஆயினும் ஒலிபெருக்கிக்கு முன்னே ஒலிவாங்கியை வைக்கலாகாது, கூட்டம் வருமுன் கருவியைச் சோதிக்க வேண்டும் போன்ற தொடக்கப் பாடங்களைப் பயிலுநர் பெரும்பாலும் அனுபவமுள்ளோரின் உதவியாளராக இருந்தே கற்கின்றனர். கோபனாவன் பட்டறையில் ஜென்சன் கற்ற முறையும் இதுவே.