மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்ட வாலிபர்

குலசேகரத்தில் பஸ் ஏறிப் பேச்சிப்பாறைக்குப் போயிருக்கிறீர்களா? ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போகும். டிரைவர் அலட்சியமாக ஸ்டீரிங்கைச் சுற்றுவார். அது பவர் ஸ்டீரிங் செய்யும் உபகாரம். என்ஜின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. அந்த அழுத்தம், சக்கரத்தைத் திருப்ப டிரைவருக்குக் கைகொடுக்கிறது. பம்பின் பெல்ட் தளர்ந்தாலோ, எண்ணெய் ஒழுகினாலோ போச்சு! ஸ்டீரிங் கல்லாகக் கனக்கும்.

அந்தக் காலத்து பஸ்கள் எல்லாமே அப்படிக் கனத்தவைதான். பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கர் 1926-ல் ஒரு காரில் பவர் ஸ்டீரிங்கைப் பொருத்திக் காட்டினார். ஆனால் விலைக்கு விற்ற காரில் அது வந்தது 1951-ல்தான். அதற்கு முன்பெல்லாம் வளைவு வந்தால் டிரைவர் தோள் நோவ மல்லுக்கட்ட வேண்டும். நடு வழியில் வண்டி நின்றால் அவரே இறங்கி ரிப்பேரும் பார்க்க வேண்டும்.

1920-ல் அப்படி ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார் ஒருவர். பிற்காலத்தில் நாடே அவரை விஞ்ஞான மேதை என்று கொண்டாடியது. அவர்தான் ஜி.டி. நாயுடு!

மண்ணெண்ணெய் கொண்டு வந்தவர்

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893 மார்ச் 23-ந் தேதி பிறந்தார் துரைசாமி. தந்தை பெயர் கோபாலசாமி. விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தாயார் இறந்துவிட்டார். பையனுக்குப் பள்ளிக்கூடம் வேப்பங்காயாகக் கசந்தது. தொடக்கப் படிப்போடு நின்றுவிட்டான். நம் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த 1906-ல் அவனுக்கு வயது 13.

வாலிப வயதில் ஒருநாள் அவர் ஓர் அதிசயத்தைக் கண்டார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி மட்டும் தானாக ஓடி வந்தது! அது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள். வழியில் அது மக்கர் செய்ததாம். துரை கேட்ட மண்ணெண்ணெயையும் துணியையும் துரைசாமிதான் ஓடிப்போய்க் கொண்டு வந்தாராம். துரை ரிப்பேர் பார்ப்பதை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாராம். இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

அன்று முதல் அதே நினைப்பு. ஊரை விட்டுக் கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சில ஆண்டுகள் காசு சேர்த்தார். அதே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர்வலம் போகவில்லை. கழற்றிப் போட்டார்! ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பூட்டினார். அதுதான் அவர் படித்த காலேஜ். ரிப்பேர் வேலையில் கெட்டிக்காரர் ஆனார்.

நடுவில் பஞ்சு வியாபாரம் செய்து பணம் சம்பாதித்ததும், பம்பாய்க்குப் போய் அதை இழந்ததும் தனிக் கதை. அதன் பிறகுதான் கோவை ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு அந்த முதல் பஸ் வந்தது.

ஸ்டீரிங் ஆட்டம்

அக்காலத்து மோட்டார் ரிப்பேர் லேசுப்பட்டதல்ல. ஸ்டீரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் அடியில் திருகு போன்ற ஒரு பல், இன்னொரு பல்லைத் திருப்பும். பற்கள் தேய்ந்தால் ஸ்டீரிங்கில் ஆட்டம் கொடுக்கும். டிரைவர் கால் சுற்று சுற்றிய பிறகுதான் வண்டி திரும்பும். முன் சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள கிங்பின் தேய்ந்தாலோ, சக்கரம் நடுங்கும். ஆட்டம் பல்லிலா, பின்னிலா என்று கண்டுபிடிப்பதே பாதி ரிப்பேர். ஒருவர் ஸ்டீரிங்கை அசைக்க, இன்னொருவர் வண்டிக்குக் கீழே படுத்து, எந்த மூட்டு தாமதிக்கிறது என்று பார்ப்பார். இன்றைக்கும் பழைய காரைச் செப்பனிடுகிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஒற்றை பஸ் யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆக வளர்ந்தது. 1930-களில் நூற்றுக்கணக்கான பஸ்கள் ஓடின. அத்தனையையும் பழுது பார்த்து, நேரத்துக்கு ஓடவிடுவது என்ன சாமானியமா? நாயுடு என்றால் எல்லாரும் மின்சார ஷேவிங் ரேசரைத்தான் சொல்கிறார்கள். அந்த பஸ் ஷெட்டுக்குத்தான் நான் முதல் மார்க் போடுவேன்.

1937-ல் மின்சார மோட்டார் தயாரித்தார். அதில் அவருக்குத் துணை நின்றவர் டி. பாலசுந்தரம் நாயுடு. மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் எல்லாம் செய்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டு வந்தார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான்! சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் அதோடு நின்றது.

நாலு வருஷம் எதற்கு?

1945-ல் கோவையில் தொழில் கல்லூரி ஒன்று தொடங்க முன்னின்றார். அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. மூன்றாம் நான்காம் வகுப்போடு நின்றவர்களை உலகம் கேலி பேசிய காலத்தில், பள்ளிப் படிப்பை விட்ட நாயுடு அதன் பிரின்ஸிபால் ஆனார்!

என்ஜினீயரிங் படிப்புக்கு நாலு வருஷம் வீண், இரண்டு வருஷமே போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பதவியை உதறிவிட்டார். இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதாடலாம். கணக்கும் பௌதிகமும் இரண்டு வருஷத்தில் முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. என்ஜினைத் தொட்டே பார்க்காமல் பட்டம் வாங்கி என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு.

1974 ஜனவரி 4-ந் தேதி, 80 வயதில் நாயுடு காலமானார். கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரால் பழைய கார்களின் காட்சிச்சாலை ஒன்று 2015 முதல் நடக்கிறது. அந்தக் கல்லூரி இடம் மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. முதலில் அது இருந்த இடத்துக்கு ஹோப் காலேஜ் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அங்கே இறங்குகிறவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.