கிரெச்சோவில் ஒரு பெத்லகேம்

இத்தாலி நாட்டின் ரியெத்திப் பள்ளத்தாக்கில், மலைச்சரிவில் அமைந்துள்ள சிற்றூர் கிரெச்சோ. 1223-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கிறிஸ்து பிறந்த நாளுக்குச் சுமார் 15 நாட்கள் இருக்கும்போது, துறவி ஒருவர் அவ்வூர்ப் பிரமுகரான ஜியோவன்னியை அழைத்து வேண்டுகோள் ஒன்றை விடுத்தார். பெத்லகேமில் அந்தத் தெய்வக் குழந்தை எத்தகைய வறுமையில் பிறந்தது, பச்சிளங் குழந்தைக்கு வேண்டிய எவையெல்லாம் இல்லாமல் வைக்கோல்மீது கிடந்தது என்பதைத் தமது ஊனக் கண்களாலேயே காண வேண்டும் என்றார் அவர். அதற்காக அவர் கேட்டவை தீவனத் தொட்டி ஒன்று, கொஞ்சம் வைக்கோல், ஒரு காளை, ஒரு கழுதை. அவ்வளவுதான்.

கேட்டவர் அசிசியின் புனித பிரான்சிஸ். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. உடல் நலிந்திருந்தது, காண வேண்டும் என்று ஏங்கிய அந்தக் கண்களும் நோயுற்றிருந்தன.

அசிசி நகரத்துத் துணி வணிகர் பியெத்ரோ பெர்னர்தோனேயின் மகன் அவர். தோழர்களோடு ஆடிப்பாடிப் பணத்தைத் தண்ணீராய்ச் செலவிட்ட இளமைப் பருவம் அவருடையது. வீரனாகப் புகழ்பெறும் கனவோடு பெருஜியா நகருடன் நடந்த போரில் கலந்துகொண்டு, பிடிபட்டு, ஏறத்தாழ ஓராண்டு சிறையில் கழித்தார். விடுதலைக்குப் பின் வந்த நீண்ட நோய் அவரது மனத்தை உள்நோக்கித் திருப்பியது. கண்டாலே அருவருத்து ஒதுங்கிய தொழுநோயாளிகளிடையே சென்று அவர் பணிபுரியலானார். கசப்பாக இருந்த அதுவே தமக்கு இனிமையாக மாறியது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்ததுண்டு. 1206-ஆம் ஆண்டில், அசிசியின் ஆயர் முன்னிலையில், உடுத்தியிருந்த ஆடைகளையும் களைந்து தந்தையிடமே திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார். 1209-இல் போப்பாண்டவர் மூன்றாம் இன்னசென்ட் அவரது சிறு குழுவின் வாழ்க்கை முறைக்கு வாய்மொழியாக ஒப்புதல் அளித்தார். பத்தே ஆண்டுகளில் அக்குழு ஆயிரக்கணக்கான துறவியரைக் கொண்ட சபையாக வளர்ந்தது.

கிரெச்சோவைப் புரிந்துகொள்ள 1219-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கிறிஸ்து பிறந்து வாழ்ந்த புண்ணிய பூமியை மீட்பதற்கென்று ஐரோப்பியப் படைகள் ஐந்தாவது சிலுவைப் போரில் எகிப்தின் தமியெத்தா நகரை முற்றுகையிட்டிருந்தன. பிரான்சிஸ் அந்தப் பாசறைக்குச் சென்றார். அங்கிருந்து, கையில் ஆயுதம் ஏதுமின்றி, சகோதரத் துறவி ஒருவரோடு போர்முனையைக் கடந்து எகிப்திய சுல்தான் அல்-காமிலிடமும் சென்றார். தமது இறைவனைப் பற்றி அவர் கூறியவற்றைச் சுல்தான் மரியாதையோடு கேட்டார்; அவரைப் பத்திரமாகத் திருப்பியும் அனுப்பினார். சுல்தான் மதம் மாறவில்லை, போரும் நிற்கவில்லை. உலகியல் கணக்கில் அது தோல்விதான். கண்நோயோடு பிரான்சிஸ் தாயகம் திரும்பினார்.

திரும்பியவருக்கு வேறொரு வேதனை காத்திருந்தது. சபை பெருகப் பெருக, தொடக்கத்தில் இருந்த கடுமையான வறுமை நோன்பைத் தளர்த்த வேண்டும் என்ற குரல் உள்ளேயே எழுந்தது. அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். விதிமுறைகள் எழுதப்பட்டு, மாற்றப்பட்டு, கடைசியில் 1223 நவம்பர் 29-இல் போப்பாண்டவர் மூன்றாம் ஹொனோரியசின் ஒப்புதலைப் பெற்றன. தாம் நேசித்த வறுமை வாதப் பிரதிவாதங்களுக்கும் சட்ட வாசகங்களுக்கும் உரிய பொருளாகிவிட்டதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் ஜியோவன்னியிடம் தொட்டியும் வைக்கோலும் கேட்டார். இந்த வரிசை தற்செயலானதாகத் தோன்றவில்லை. விவாதத்தால் நிலைநாட்ட முடியாத ஒன்றை, குளிரில் கிடக்கும் ஓர் ஏழைக் குழந்தை தன் மௌனத்தாலேயே உணர்த்திவிடும் என்று அவர் அறிந்திருந்தார்.

அந்த இரவு வந்தது. பல இடங்களிலிருந்தும் சகோதரத் துறவியர் வந்து கூடினர். சுற்றுப்புற ஊர்களின் ஆண்களும் பெண்களும் தங்களால் இயன்ற மெழுகுவர்த்திகளையும் தீப்பந்தங்களையும் ஏந்தி மலைச்சரிவில் ஏறி வந்தனர். காடு முழுவதும் அவர்களுடைய பாடல் ஒலித்தது. பாறைகள் அதை எதிரொலித்தன. தொட்டியில் வைக்கோல் பரப்பப்பட்டிருந்தது. காளையும் கழுதையும் அருகில் நின்றன. (ஏசுவின் பிறப்பைக் கூறும் நற்செய்திப் பகுதிகளில் இவ்விரு விலங்குகளும் இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் வரும் ஒரு குறிப்பை ஒட்டி வளர்ந்த மரபு அது.)

இன்று நாம் காணும் கிறிஸ்துமஸ் குடில்களில் மரியாள், சூசை, இடையர்கள், குழந்தை என்று பல உருவங்கள் உள்ளன. கிரெச்சோவில் அவ்வுருவங்கள் இருந்ததாக அவரது முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதிய செலானோவின் தாமஸ் குறிப்பிடவில்லை. தொட்டி வெறுமையாகவே இருந்தது. அதன்மீதே திருப்பலி நிறைவேற்றப்பட்டது. அப்பமும் ரசமும் அர்ப்பணிக்கப்படும் அவ்வழிபாட்டில் கிறிஸ்து மெய்யாகவே எழுந்தருளுகிறார் என்பது அம்மக்களின் நம்பிக்கை. ஆகவே பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றின் நினைவு விழா மட்டுமல்ல அது. அன்றிரவு, அந்தக் காட்டில், அவர்கள் நடுவில் இறைவன் வந்திருக்கிறார் என்ற அறிவிப்பு. புண்ணிய பூமியை அடையப் படைகள் கடல் கடந்து சென்ற காலத்தில், உழவர்களும் இடையர்களும் தங்கள் ஊரைவிட்டு நகராமலேயே பெத்லகேமில் நின்றனர்.

பிரான்சிஸ் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். திருத்தொண்டர் என்னும் நிலையில் இருந்தவர். அதற்குரிய உடை அணிந்து நற்செய்தியை இனிய குரலில் பாடினார். பின்னர் மக்களுக்கு உரையாற்றினார். பெத்லகேம் என்ற சொல்லை அவர் உச்சரித்தபோது அது ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒலித்தது என்றும், குழந்தை ஏசுவின் பெயரைச் சொன்னபின் அதன் சுவையை உண்டவர் போல உதடுகளை நாவால் வருடிக்கொண்டார் என்றும் தாமஸ் எழுதுகிறார். இறைவனைக் குழந்தையாகக் கொண்டு உருகும் இந்நிலையை நம் பக்தி நூல்கள் வாத்ஸல்ய பாவம் என்று அழைக்கின்றன.

அங்கிருந்த பக்தர் ஒருவருக்கு அப்போது ஒரு காட்சி கிடைத்தது. தொட்டியில் ஒரு குழந்தை உயிரற்றது போலக் கிடந்தது. பிரான்சிஸ் அருகில் செல்ல, அது ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழிப்பது போல விழித்தது. பலருடைய இதயங்களில் மறக்கப்பட்டுக் கிடந்த கிறிஸ்து அன்று விழித்தெழுந்தார் என்று தாமஸ் அதற்கு விளக்கம் தருகிறார்.

கிறிஸ்து பிறந்த நாளை விழாக்களில் எல்லாம் தலையாயதாகப் போற்றியவர் பிரான்சிஸ். ஒருமுறை அது வெள்ளிக்கிழமையில் வந்தபோது நோன்பு இருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அன்று சுவர்களுக்குக்கூட இறைச்சி ஊட்ட வேண்டும், அவற்றால் உண்ண முடியாவிட்டால் மேலே பூசியாவது விட வேண்டும் என்று அவர் பதில் கூறினாராம்! அன்று செல்வர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவிட வேண்டும்; காளைகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தைவிட அதிகமாகத் தீவனம் தர வேண்டும்; பறவைகளுக்காக வழியெங்கும் தானியம் தூவப் பேரரசர் ஆணையிட வேண்டும் என்பனவும் அவரது விருப்பங்கள்.

அதன்பின் அவர் வாழ்ந்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. கண்ணொளி ஏறத்தாழ முற்றிலும் மறைந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைத்துச் செய்த சிகிச்சையும் பயன் தரவில்லை. அந்த இருளில் இருந்துகொண்டுதான், சூரியனைச் சகோதரன் என்றும் நிலவைச் சகோதரி என்றும் அழைத்து இறைவனைப் புகழும் பாடலை அவர் இயற்றினார். 1226 அக்டோபர் 3 மாலையில், அசிசிக்கு அருகே, வெறும் தரையில் தம்மைக் கிடத்தச் செய்து உயிர் நீத்தார். 1228 ஜூலை 16-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

கிரெச்சோவில் அந்தத் தொட்டி இருந்த இடத்தின்மீது ஒரு பலிபீடம் எழுப்பப்பட்டது. அதிலிருந்த வைக்கோல் பத்திரப்படுத்தப்பட்டிருந்தது. நோயுற்ற தங்கள் மாடுகளுக்குக் கொடுப்பதற்காகச் சுற்றுப்புற மக்கள் அதை எடுத்துச் சென்றனர்.