கணிதமேதை இராமானுஜனின் தொடுகோடு

வட்டத்தின் தொடுகோடு, தொடும் புள்ளியில் ஆரத்திற்குச் செங்குத்தாகும். பத்தாம் வகுப்பில் நாம் எல்லோரும் உருப்போட்ட தேற்றம் இது. மதிப்பெண்ணைத் தவிர இதனால் வேறென்ன பயன் என்று எண்ணியிருந்த எங்களுக்கு, கணித ஆசிரியை ஒருநாள் சீனிவாச இராமானுஜன் அமைத்த படம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அன்றிலிருந்து அவர் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தவர் இராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில், நம் ஆர்ச் கேட் வழியே செல்லும் பேருந்து போய்ச் சேரும் அதே ஊர். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். பள்ளியில் பரிசுகள் பெற்றவர், கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களைத் திரும்பியும் பாராமல் உதவித்தொகையை இழந்தார். எஃப்.ஏ. தேர்வில் கடைசிவரை தேறவே இல்லை. (ஆங்கிலத்தை ஒதுக்கும் எங்கள் தோழியர் கவனிக்க!) 1909இல் திருமணமாயிற்று. வேலை மட்டும் கிடைக்கவில்லை.

1910இல் நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு அவர் சென்ற இடம் திருக்கோவிலூர். நாம் இருக்கும் இப்பகுதியும் அவ்வூரும் அன்று ஒரே தென்னாற்காடு மாவட்டம். அங்கே துணைக் கலெக்டராக இருந்தவர் இராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இராமானுஜன் அவரிடம் வேண்டியது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர் அதைத் தரவில்லை. இத்தகைய அறிவைத் தாலுகாக் கணக்கில் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பிழைப்புக்கு வழி தேடி வந்தவருக்கு அது எத்தனை ஏமாற்றமாக இருந்திருக்கும்! 1912இல்தான் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாயில் குமாஸ்தா ஆனார்.

மறு ஆண்டு, ஐயர் தோற்றுவித்த கழகத்தின் இதழில் அந்தப் படம் வெளிவந்தது. வட்டத்திற்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை அளவுகோலும் காம்பசும் மட்டும் கொண்டு வரைய இயலாது என்பது 1882இல் லிண்டமன் என்ற ஜெர்மானியர் செய்த ஆய்வால் உறுதியாகிவிட்டது. ஆனால் நெருங்கலாம் அல்லவா? ‘பை’யின் மதிப்புக்கு மிக அருகில் உள்ள பின்னம் 355/113. அதை இராமானுஜன் கோடுகளாலேயே வரவழைத்தார்.

விட்டத்தின் ஒரு முனையிலிருந்து ஒரு நாணும் ஒரு தொடுகோடும் வரைகிறார். விட்டம் 1 என்றால், நாணின் வர்க்கம் 31/144. தொடுகோட்டின் வர்க்கம் 31/324. இவ்விரண்டின் நுனிகளையும் விட்டத்தின் மறுமுனையோடு சேர்த்தால் இரண்டு செங்கோண முக்கோணங்கள். அரைவட்டக் கோணம் செங்கோணமாதலால் முதல் முக்கோணத்தில் விட்டமே கர்ணம். 144இல் 31 போக 113. தொடுகோடு விட்டத்திற்குச் செங்குத்தாதலால் இரண்டாவதில் விட்டம் ஒரு பக்கம். 324உடன் 31 சேர 355. பிறகு ஓர் இணைகோடு வரைந்தால் சதுரத்தின் பக்கம் கிடைத்துவிடுகிறது. வட்டம் 1,40,000 சதுர மைல் பரப்புள்ளதானாலும், அதாவது தமிழ்நாட்டைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தாலும், அந்தப் பக்கத்தில் வரும் பிழை ஏறத்தாழ ஓர் அங்குலமே!

1914இல் இங்கிலாந்து சென்றார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் காலமானார். வயது 32. மனைவி ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994இல் மறைந்தார்.