ட்ரம்ஸ் இல்லாத ஜாஸ்

ஜாஸ் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ட்ரம்ஸின் அதிர்வுதான். ஆனால், சுவீடனில் மிக அதிகமாக விற்பனையான ஜாஸ் இசைத்தட்டில் ட்ரம்ஸே இல்லை என்று அறிந்தபோது, அதை உருவாக்கியவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

யான் யோஹான்சன் 1931இல் சோடர்ஹாம்ன் என்னும் சிறு நகரில் பிறந்தார். பொறியியல் படிக்கச் சென்றவர், படிப்பைப் பாதியில் விட்டுப் பியானோவின் பின்னால் போய்விட்டார். (பெற்றோரே, பயப்பட வேண்டாம், நான் இதைச் சிபாரிசு செய்யவில்லை!) புகழ்பெற்ற அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் வாசித்தார். அமெரிக்கரைப் போல வாசிப்பதே அன்று பலருக்குப் பெருமை. அந்தப் பெருமை கிடைத்த பிறகு அவர் தேடிப் போனது, தன் நாட்டுக் கிராமத்து வயலின்காரர்களின் பழைய மெட்டுகளை.

ஒரு பியானோ, கேயோர்க் ரீடலின் டபிள் பேஸ், அவ்வளவுதான். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே மௌனத்தை நிற்க விட்டார். ட்ரம்ஸ் இருந்திருந்தால் அந்த மௌனம் நிரம்பிப் போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். 1964இல் வெளியான அத்தட்டின் பெயருக்கு 'சுவீடிஷ் மொழியில் ஜாஸ்' என்று பொருள். இரண்டரை இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

குதிரையையே தூக்கிவிடும் குறும்புக்காரி பிப்பியை நம்மில் சிலர் கதைகளில் சந்தித்திருப்போம். அவளுடைய தொலைக்காட்சித் தொடரின் பாட்டுக்கு மெட்டமைத்தவரும் இவரே. தொடர் 1969இல் ஒளிபரப்பானது. பார்க்க அவர் இருக்கவில்லை. 1968 நவம்பரில், தேவாலயமொன்றில் நடக்கவிருந்த கச்சேரிக்குச் செல்லும் வழியில் கார் விபத்தில் இறந்தார். வயது 37.

மகன்மார் இருவரும் இசைக்கலைஞர்களே. ஆண்டர்ஸ் ட்ரம்ஸ் வாசிக்கிறார்.