புரதக் கட்டமைப்பின் எல்லைகளை வரைந்த ஜி.என். ராமச்சந்திரன்: அணுக்களின் இடைவெளியில் பிறந்த வரைபடம்

உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புதிய புரதத்தின் முப்பரிமாண வடிவம் கண்டறியப்பட்டாலும், அதன் நம்பகத்தன்மையைச் சோதிக்க ஒரு வரைபடம் பயன்படுத்தப்படுகிறது. ராமச்சந்திரன் வரைபடம் எனப்படும் அதனை உருவாக்கியவர் இந்திய இயற்பியலாளர் கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன். 1963-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான அந்த ஆய்வு, உயிர்வேதியியல் பாடநூல்களில் இன்றளவும் இடம்பெற்று வருகிறது.

கேரள மாநிலம் எர்ணாகுளத்தில் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி ராமச்சந்திரன் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். சிறு வயதிலேயே தந்தையிடமிருந்து பெற்ற கணிதப் பற்று, ராமச்சந்திரனின் ஆய்வு வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது. திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பட்டம் பெற்ற அவர், 1942-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மின்பொறியியல் துறையில் சேர்ந்தார்.

ராமனின் மாணவர்

மின்பொறியியலில் அவர் நீண்ட காலம் நிலைக்கவில்லை. அங்கு இயற்பியல் துறையை வழிநடத்திவந்த நோபல் விருதாளர் சி.வி. ராமன், இந்த மாணவரின் திறனை விரைவில் இனங்கண்டு தம் துறைக்கு அழைத்துக்கொண்டார். படிகங்களின் ஒளியியல் பண்புகளையும், எக்ஸ் கதிர்கள் படிகங்களில் சிதறும் விதத்தையும் ராமச்சந்திரன் அங்கு ஆராய்ந்தார். 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் பெற்றபின் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டரின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்று, 1949-இல் பெங்களூரு திரும்பினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைத் தொடங்க விரும்பிய துணைவேந்தர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், அதன் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு முதலில் ராமனை அணுகினார். ராமன் தமக்குப் பதிலாக ராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். 1952-இல் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் பொறுப்பேற்றபோது ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுக்குள்.

கொலாஜன் புதிர்

புதிய துறைக்கு ஆய்வுப்பொருள் தேடிக்கொண்டிருந்த வேளையில், பிரிட்டன் படிகவியலாளர் ஜே.டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்பது அவருடனான உரையாடலில் தெரியவந்தது. ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன் மாதிரிகளைத் தேடித் தொலைவு செல்ல வேண்டிய தேவை எழவில்லை. அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெறப்பட்ட கொலாஜன் எக்ஸ் கதிர் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது.

கொலாஜன் சங்கிலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் என்பது முக்கியத் துப்பாக அமைந்தது. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் அமைவதாகக் கொண்டால், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்க முடியும். கிளைசினைவிடப் பெரிய அமினோ அமிலம் எதற்கும் நடுவில் இடமில்லை. இந்த அடிப்படையில் ராமச்சந்திரனும் அவரது சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் நேச்சர் இதழில் மூன்று சங்கிலி அமைப்பை முன்வைத்தனர். மறு ஆண்டில் மூன்றும் கயிறுபோல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும் திருத்தப்பட்ட வடிவத்தை வெளியிட்டனர்.

எழுந்த மறுப்பு

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்து புகழின் உச்சியில் இருந்த பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் 1955-ஆம் ஆண்டின் இறுதியில் தங்கள் கொலாஜன் அமைப்பை வெளியிட்டனர். மூன்று சங்கிலி முறுக்கு என்ற கருத்தை ஏற்றுக்கொண்ட அவர்கள், சென்னை அமைப்பின் நுணுக்கங்களை ஏற்கவில்லை. அதில் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்கும் தொலைவைவிட நெருக்கமாக நிற்கின்றன என்பதே அவர்களது முதன்மை மறுப்பு. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னைக் குழு கூறியிருக்க, ஒன்றுதான் சாத்தியம் என்று அவர்கள் வாதிட்டனர்.

இளம் துறையின் நற்பெயரே கேள்விக்குள்ளான தருணம் அது. ராமச்சந்திரன் அந்த விமர்சனத்திற்குள் இருந்த அறிவியல் வினாவைப் பிரித்தெடுத்தார். ஒரு மூலக்கூறில், பிணைப்பால் இணையாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இதற்கு ஐயமற்ற விடை அன்று எவரிடமும் இல்லை. அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் மற்றும் தொடர்புடைய சேர்மங்களின் அதுவரை வெளியான படிக அமைப்புகளை அவரது குழு ஒவ்வொன்றாகத் திரட்டி, அவற்றில் அணுக்களிடையே காணப்பட்ட தொலைவுகளை அட்டவணைப்படுத்தியது.

ஒவ்வோர் அணு இணைக்கும் இரண்டு எல்லைகள் வகுக்கப்பட்டன. கார்பன்–கார்பன் இணைக்கு வழக்கமான குறைந்தபட்சத் தொலைவு 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. ஆக்சிஜன்–ஆக்சிஜன் இணைக்கு முறையே 2.7, 2.6. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

இரு கோணங்கள், ஒரு வரைபடம்

புரதச் சங்கிலியில் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, எளிதில் சுழலாதது. ஆகவே, ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சங்கிலி திரும்புவதற்கு இரண்டு இடங்களே உள்ளன. அந்த இரண்டு சுழற்சிக் கோணங்கள் ஃபை, சை என்று குறிக்கப்படுகின்றன. ராமச்சந்திரன், தம்மிடம் ஆய்வு மேற்கொண்ட சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து, இந்தக் கோணங்களைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் மோதிக்கொள்கின்றனவா என்று கணக்கிட்டார். நவீனக் கணினி வசதி இல்லாத அக்காலத்தில், மேசைக் கணிப்பான்களைக் கொண்டே இக்கணக்குகள் செய்யப்பட்டன.

முடிவு வியப்பளித்தது. கிளைசின் அல்லாத அமினோ அமிலங்களுக்கு வரைபடத்தின் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவான பகுதியே அனுமதிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஆல்ஃபா சுருள், பீட்டா தாள், கொலாஜன் என அறியப்பட்ட வடிவங்கள் யாவும் அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் அமைந்தன. பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு மட்டும் பரந்த பகுதி திறந்திருந்தது. 1963-இல் மூலக்கூறு உயிரியல் ஆய்விதழில் வெளியான இக்கட்டுரை சில பக்கங்களே கொண்டது. அப்போது அணு அளவில் வடிவம் அறியப்பட்ட புரதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்னர் கண்டறியப்பட்ட பல்லாயிரக்கணக்கான புரத அமைப்புகள் அந்த எல்லைகளைப் பெரிதும் உறுதிப்படுத்தின.

கொலாஜன் விவாதத்தைப் பொறுத்தவரை, பிற்கால ஆய்வுகள் மூன்று சங்கிலி முறுக்கை நிலைநாட்டின. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்ற கிரிக், ரிச் கருத்தும் சரியெனத் தெரியவந்தது.

மருத்துவப் படமாக்கலிலும் பங்கு

சென்னையில் உயிர் இயற்பியல், படிகவியல் உயராய்வு மையமாக வளர்ந்த தம் துறையிலிருந்து விலகிய ராமச்சந்திரன், 1971-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். அதே ஆண்டு, ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் இணைந்து, பல கோணங்களில் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர் படங்களிலிருந்து ஒரு பொருளின் உட்புறத்தை விரைவாக மீட்டமைக்கும் கணித முறையை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் கருவிகளின் படமாக்கலில் பயன்பட்ட அம்முறையின் வடிகட்டி, இருவரின் பெயர்ச் சுருக்கமாக ராம்-லாக் என்றே வழங்குகிறது.

1961-இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது, 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, 1999-இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு ஆகியவை அவரை வந்தடைந்தன. பிற்காலத்தில் கணிதத் தர்க்கத்திலும் இந்தியத் தத்துவத்திலும் ஈடுபட்டார். இறுதி ஆண்டுகளில் பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் அவரை வாட்டின. 1998-இல் மனைவி ராஜலட்சுமி மறைந்தார். 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் ராமச்சந்திரன் காலமானார்.

புரதங்களின் வடிவத்தைக் கணினியே முன்கணிக்கும் இக்காலத்திலும் அவரது வரைபடம் கைவிடப்படவில்லை. ஓர் அமைப்பில் அனுமதிக்கப்படாத பகுதியில் பல அமினோ அமிலங்கள் விழுந்தால், ஆய்வாளர்கள் தங்கள் அமைப்பை மீண்டும் சரிபார்க்கின்றனர்.