இரண்டு விரல், நாலு ட்ராக்: யார் இந்த ஜாங்கோ?

1928-ல் பாரிஸ் அருகே ஒரு கேரவனில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 18 வயது ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கின. கிட்டார் கலைஞருக்கு அந்தக் கைதானே எல்லாம்? ஆனா அவர் விடல. மீதி விரல்களை வைத்தே புது பாணியைப் பழகினார். 1934-ல் வயலின் கலைஞர் ஸ்டீபன் கிராப்பெல்லியுடன் அவர் தொடங்கிய குழு, ஐரோப்பிய ஜாஸின் அடையாளமானது.

ரோமானி குடும்பத்தில் பிறந்த ஜாங்கோவுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அதனால் ரெக்கார்டிங்தான் அவரோட நோட்டுப் புத்தகம். அதன் கடைசிப் பக்கம் 1953 ஏப்ரல் 8, பாரிஸ். கையில் எலெக்ட்ரிக் கிட்டார், கூடவே சாடியின் வைப்ரஃபோன், பியானோவில் 25 வயது மார்ஷியல் சோலால். மொத்தம் நாலு ட்ராக். மே 16-ல் ஜாங்கோ இறந்தார், வயது 43. பழைய புகழிலேயே நிற்காமல் பீபாப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார் என்பதற்கு அந்த நாலு ட்ராக்கும் சாட்சி.