செபிக்க வெட்கப்பட்ட புனிதை: அவிலா தெரேசம்மாள்

நம் ஆலயப் பொன்விழா மலருக்கு ஒரு புனிதரின் சரிதையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நாம் அதிகம் யோசிக்கவில்லை. சென்ற தவக்காலத்தில் வீடு வீடாகச் சென்று குடும்பங்களைச் சந்தித்த நாட்களில் கேட்ட ஒரு சொல் நம் மனத்தை விட்டு அகலாமல் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்கிறோம் என்று எவரும் அஞ்ச வேண்டாம்; திண்ணையில் அமர்ந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்டதுதான். இப்போதெல்லாம் செபம் செய்வதில்லை, சாமி முன்னால் நிற்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதே அச்சொல். ஒருவர் தம் குடிப்பழக்கத்தைக் காரணமாகச் சொன்னார். ஒரு தாய் மருமகளோடு உள்ள மனக்கசப்பைச் சொன்னார். ஓர் இளைஞர் செபமாலையைக் கையில் எடுத்தாலே மனம் ஊர் சுற்றப் போய்விடுகிறது என்றார். இவர்கள் எல்லாரும் நல்ல கிறிஸ்தவர்கள். ஆண்டவர் மீதுள்ள மரியாதையினாலேயே ஆண்டவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள். இதே காரணத்திற்காக இதே தவற்றைச் செய்த ஒருவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றி வணங்குகிறது. அவரே அவிலா நகரத்துத் தெரேசம்மாள்.

ரோசாப் பூக்களோடு நம் வீடுகளில் படமாகத் தொங்கும் சிறுமலர் தெரேசம்மாள் வேறு. அவர் பிரான்சு நாட்டவர், 1897-இல் மரித்தவர். கல்கத்தா அன்னை தெரேசாவும் வேறு. நாம் சொல்லும் தெரேசம்மாள் இவர்கள் இருவருக்கும் முந்தியவர். 1515-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் பிறந்தார். தந்தை அலோன்சோ, தாய் பெயாத்திரிஸ். தந்தையின் முதல் தாரத்துப் பிள்ளைகளையும் சேர்த்து வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். ஏழு வயதளவில், வேதசாட்சியாக மரித்தால் விரைவில் மோட்சம் போகலாம் என்று கணக்குப் போட்டு, அண்ணன் ரொட்ரிகோவைக் கூட்டிக்கொண்டு மூர்களின் நாட்டைத் தேடிப் புறப்பட்டுவிட்டார். வழியில் கண்ட சிற்றப்பா இருவரையும் வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்தார். பதின்மூன்று வயதளவில் தாயை இழந்தபோது, அழுதுகொண்டே தேவமாதாவின் சுரூபத்தின் முன் சென்று, இனி நீரே எனக்குத் தாயாக இரும் என்று மன்றாடினார். பிறகு வயதுக்கேற்ற விளையாட்டுகளும் வந்தன. வீரக் கதைப் புத்தகங்களும், நல்ல உடைகளும், வாசனைத் திரவியங்களும், வீணான நட்புகளும் கொஞ்ச காலம் அவரை ஆட்கொண்டன. தந்தைக்கு விருப்பமில்லாதிருந்தும், 1535-இல் அவிலாவில் இருந்த மனிதாவதாரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

மடத்தில் சேர்ந்த சில ஆண்டுகளில் கடும் நோய் கண்டது. சிகிச்சைக்காக வெளியூர் போகும் வழியில் தந்தையின் உடன்பிறந்தவர் ஒருவர் அவர் கையில் ஒரு நூலைக் கொடுத்தார். பிரான்சிஸ்கு சபைத் துறவி ஒசூனா என்பவர் மனச்செபத்தைப் பற்றி எழுதிய நூல் அது. அதுவரை மனச்செபத்தின் முறை தெரியாதிருந்த தெரேசம்மாளுக்கு அதுவே ஆசிரியர் ஆயிற்று. நோயோ சிகிச்சையினால் முற்றியது. 1539 ஆகஸ்டில், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, உணர்விழந்து விழுந்தவர் ஏறக்குறைய நான்கு நாட்கள் எழவில்லை. மடத்தில் குழி வெட்டி வைத்துவிட்டார்கள். கண் திறந்து பார்த்தபோது, இறந்தோர்க்கு இடுவதுபோல் தம் இமைகளின் மேல் மெழுகு இருப்பதை உணர்ந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, கையும் காலும் ஊன்றித் தவழ முடிந்த நாளில் ஆண்டவருக்கு நன்றி செலுத்தினார். தாம் எழுந்து நடந்தது புனித சூசையப்பரின் மன்றாட்டினால்தான் என்பது அவர் இறுதிவரை கொண்டிருந்த நம்பிக்கை.

இங்கிருந்துதான் நம் கதை. சரிதை எழுதுவோர் பலர் தெரேசம்மாள் கண்ட காட்சிகளையும் பரவசங்களையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இனி வரும் ஆண்டுகளை இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். நமக்கு அது சம்மதமில்லை.

உடல் தேறியதும் மடத்தின் பேச்சறையில் விருந்தினர் கூட்டம் பெருகிற்று. அக்காலத்தில் அந்த மடத்தில் கட்டுப்பாடு தளர்ந்திருந்தது. தெரேசம்மாள் பேச்சில் வல்லவர். எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். பெரும் பாவம் ஒன்றும் இல்லை. வீண் பேச்சு, வீண் பாசம். பகலெல்லாம் இப்படிப் பேசிவிட்டு மாலையில் ஆண்டவர் முன் தனியே அமர அவருக்கு வெட்கமாயிற்று. என்னைப் போன்றவள் அவரோடு நெருங்கிப் பேசுவது பாசாங்கு, மற்றவர்களைப் போல் வாய்ச்செபத்தை மட்டும் சொல்லிவிட்டு இருப்பதே தாழ்ச்சி என்று எண்ணித் தனிச்செபத்தை நிறுத்தினார். ஓராண்டுக்கும் மேல் இப்படி ஓடியது. தம் வாழ்நாளில் தமக்கு நேர்ந்த சோதனைகளிலெல்லாம் கொடியது இதுவே என்று பிற்காலத்தில் அவர் எழுதி வைத்தார். தாழ்ச்சியின் வேடத்தில் வந்ததால் சோதனை என்றே அவருக்குத் தெரியவில்லை.

இதில் மனத்தை உருக்கும் செய்தி ஒன்று உண்டு. தம் தந்தைக்கு மனச்செபத்தைக் கற்றுக்கொடுத்தவரே தெரேசம்மாள்தான். அந்தப் பெரியவரும் அதில் நன்கு முன்னேறியிருந்தார். மகளைக் காண வந்து, செபத்தைப் பற்றி ஆவலோடு பேசுவார். தந்தையை ஏமாற்ற மனமில்லாமல், தாம் செபிப்பதில்லை என்று தெரேசம்மாள் சொல்லிவிட்டார். ஆனால் உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் உடல்நலத்தின் மேல் பழியைப் போட்டார். தந்தை நம்பினார், மகளுக்காக வருந்தினார். நாளடைவில் அவர் வந்தாலும் நெடுநேரம் தங்குவதில்லை. வெறும் பேச்சில் நேரம் வீணாகிறது என்று சீக்கிரம் எழுந்து போய்விடுவார். அவருக்கு அது செபிக்கும் நேரம்! பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தாங்கள் நிறுத்திக்கொண்ட பெற்றோர் நம் பங்கிலும் உண்டு.

1543-ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை இறந்தார். அவரது ஆன்ம குருவாயிருந்த சாமிநாதர் சபைத் துறவியிடம் தெரேசம்மாள் தம் நிலையைத் திறந்து சொன்னார். அந்தக் குரு இரண்டு வாரத்திற்கு ஒருமுறை நன்மை வாங்கச் சொன்னார். செபத்தை எக்காரணத்தாலும் விடக்கூடாது என்று கட்டளையிட்டார். முதலில் உன்னைத் திருத்திக்கொண்டு பிறகு செபி என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தெரேசம்மாள் மீண்டும் செபத்தில் அமர்ந்தார். அதன்பின் சாகும்வரை அதை விடவில்லை.

உடனே தேன் மழை பொழிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். முன்னும் பின்னுமாக ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் வறட்சிதான். செபக்கூடத்துக்குள் நுழையும்போதே ஒரு துக்கம் வந்து நெஞ்சை அடைக்கும். தம் தைரியம் முழுவதையும் கூட்டித்தான் உள்ளே போவார். குறித்த ஒரு மணி நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். குருமடத்தில் காலைத் தியானத்தின்போது சுவர்க் கடிகாரத்தைக் கள்ளத்தனமாகப் பார்த்திருந்த நமக்கு, இதை முதலில் வாசித்தபோது எவ்வளவு ஆறுதலாயிருந்தது! கருத்துகளைக் கோவையாக எண்ணித் தியானிக்க அவருக்கு வராது. ஆகையால் கையில் புத்தகமில்லாமல் அவர் செபிக்க அமர்வதே இல்லை. நன்மை வாங்கிய பின்பு மட்டும் விதிவிலக்கு. சில நாள் பக்கத்தைத் திறந்தாலே போதும், சில நாள் நிறைய வாசிக்க வேண்டும். வயல்வெளியையும் தண்ணீரையும் பூக்களையும் பார்ப்பதும் அவருக்கு உதவியது. மடத்தில் சேரும் முன்பிருந்தே, இரவில் தூங்கும் முன், கெத்சமெனித் தோட்டத்தில் தனித்திருக்கும் ஆண்டவரைச் சிறிது நேரம் நினைத்துவிட்டே கண்ணை மூடுவார்.

1554-இல் ஒரு நாள், திருநாளுக்காக மடத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்த சுரூபம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. உடலெங்கும் காயங்களோடு நிற்கும் இயேசுவின் சுரூபம். அதன்முன் விழுந்து அழுதார். அந்தக் காலத்தில் புனித அகுஸ்தீனாரின் தன்வரலாறும் அவர் கைக்கு வந்தது. வயது 39. அவருடைய மனம் முழுவதுமாகத் திரும்பியது இந்த வயதில்தான்.

அதன்பின் செய்தவை பெரும் செயல்கள், சுருக்கமாகவே சொல்கிறோம். 1562 ஆகஸ்டு 24-ஆம் நாள், ஏழ்மையும் மௌனமும் உள்ள சிறு மடம் ஒன்றைப் புனித சூசையப்பர் பெயரால் அவிலாவில் தொடங்கினார். நகரசபையே எதிர்த்தது. பிறகு மூடு வண்டிகளில் ஸ்பெயினின் கரடுமுரடான பாதைகளில் அலைந்து, முதல் மடத்தையும் சேர்த்து 17 மடங்களை நிறுவினார். சிலுவை அருளப்பரைத் துணைக்கொண்டு ஆண்கள் மடங்களையும் சீர்திருத்தினார்.

செபத்தைப் பற்றி அவர் கற்பித்தவை எல்லாம் அந்த வறண்ட ஆண்டுகளில் விளைந்தவை. நம்மை நேசிக்கிறார் என்று நாம் அறிந்த ஒருவரோடு அடிக்கடி தனித்திருந்து நட்போடு பேசுவதே தனிச்செபம் என்பது அவர் கொள்கை. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதை அதற்கு ஒப்பிட்டார். தொடக்கத்தில் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைக்க வேண்டும், தோள் நோகும். அடுத்தது நீர் இறைக்கும் சக்கரம். நம் ஊர்க் கமலையைப் போலப் பாரம் பாதி குறையும். பிறகு ஓடைத் தண்ணீர். கடைசியில் மழை; அதில் நம் உழைப்பு ஒன்றுமில்லை. கிணறு வற்றிப்போன நாளிலும் தோட்டக்காரன் தன் வேலைக்கு வந்துவிட வேண்டும். செடியைக் காப்பது தோட்டத்து எசமானின் பொறுப்பு.

பராக்கு வருகிறதே என்று வருந்துவோருக்கு மாவு அரைக்கும் ஆலையைக் காட்டினார். ஆலையின் கட்டை கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கட்டும், நாம் மாவை அரைத்துக்கொண்டிருப்போம் என்றார். நாம் இதை அந்த இளைஞரிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். அவர் வேலை செய்வது மாவு மில்லில்.

பெண்களுக்கு மனச்செபம் ஆபத்து, பரலோக மந்திரமும் மங்கள வார்த்தை மந்திரமும் சொல்லிக்கொண்டு நூல் நூற்றால் போதும் என்று அக்காலத்துப் பெரியவர்கள் சிலர் கூறிவந்தார்கள். 1559-இல் தாய்மொழியில் இருந்த பல ஞான நூல்கள்கூடத் தடை செய்யப்பட்டன. தெரேசம்மாள் சண்டைக்குப் போகவில்லை. அந்த மந்திரங்கள் போதும்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு தம் கன்னியருக்காக ஒரு நூல் எழுதி, அதன் பிற்பகுதி முழுவதிலும் பரலோக மந்திரத்தையே விளக்கினார். யாரோடு பேசுகிறோம், பேசுகிற நாம் யார் என்று எண்ணிச் சொன்னால் வாய்ச்செபமே மனச்செபம் ஆகிவிடும் என்று காட்டினார். வயதான ஒருவர் அவரிடம் வந்து, எனக்கு மனச்செபம் வரவே இல்லை, வாய்ச்செபம் மட்டுமே தெரியும் என்று மிகவும் வருந்தினாராம். எதைச் செபிக்கிறீர்கள் என்று விசாரித்தபோது, பரலோக மந்திரத்தை மெல்லச் சொல்லிச் சொல்லியே அவர் மிக உயர்ந்த நிலையை எட்டியிருப்பது தெரிந்தது. தெரேசம்மாள் ஆண்டவரைப் போற்றினார், தமக்கும் அத்தகைய வாய்ச்செபம் வாய்க்காதா என்று ஏங்கினார். நம் பங்கில் எழுதப் படிக்கத் தெரியாமல் செபமாலையை உருட்டும் பாட்டிமார் இதைக் கேட்க வேண்டும். வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள்.

செபத்தில் இன்பம் கண்டேன், காட்சி கண்டேன் என்று வருவோரை அவர் எளிதில் நம்புவதில்லை. உடன் வாழும் சகோதரியிடம் அன்பு கூடியிருக்கிறதா என்றே பார்ப்பார். அடுக்களை வேலைக்கு அனுப்பப்பட்ட கன்னியர் செபநேரம் போகிறதே என்று வருந்தினால், பானை சட்டிகளின் நடுவிலும் ஆண்டவர் உலாவுகிறார் என்று தேற்றினார். அந்த மாமியாரிடம் நாம் சொன்னதும் இதுதான்: மருமகளோடு சமாதானம் ஆகும்வரை செபத்தை ஒத்திப்போடாதீர்கள், அந்தக் கசப்போடேயே வந்து உட்காருங்கள். இன்னும் வந்து உட்கார்ந்தாரா என்று நாம் கேட்கவில்லை.

1582-இல் பயணத்தின் நடுவே நோயுற்று, ஆல்பா தெ தோர்மஸ் என்னும் ஊரில் படுத்தார். திருச்சபையின் மகளாகச் சாகிறோம் என்ற ஆறுதலோடு, தம் பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, அக்டோபர் 4-ஆம் நாள் இரவு உயிர் நீத்தார். 1622-இல் நம் சவேரியாருக்கும் இஞ்ஞாசியாருக்கும் புனிதர் பட்டம் அளிக்கப்பட்ட அதே நாளில் இவருக்கும் அளிக்கப்பட்டது. 1970-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். பெண்களில் அப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே. அவர் இறந்த இரவில்தான் பழைய நாட்காட்டி மாற்றப்பட்டது. அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. ஆகவே அவருடைய திருநாள் 15-ஆம் தேதி, செபமாலை மாதத்தின் நடுவில் வருகிறது.